நான் எழுத மறந்த 'இல்லை'

சனிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லி, என்னோடு வேலை செய்யும் இங்ரிட்டை அழைத்தேன். "நை" என்றார். இல்லை என்று அர்த்தம். காரணம் சொல்லவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை. சிரித்தபடியே கோப்பியை ஊற்றிக்கொண்டு போய்விட்டார். நோர்வேக்கு வந்து இத்தனை வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. எங்கள் ஊரில் இப்படி முகத்தில் அடித்தாற்போல மறுத்தால், இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இராது. சைக்கிள் இரவல் கேட்டாலும் சரி, பெண் கேட்டாலும் சரி, யாழ்ப்பாணத்து அரியாலையில் "பாப்பம்" என்பார்கள். பார்ப்போம் என்றால் இல்லை என்று கேட்டவருக்கு விளங்கிவிடும். கேட்டவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போவார். மறுநாள் கோயிலில் கண்டால் இருவரும் வழக்கம்போலக் கதைப்பார்கள்.

என் வேலையைப் பற்றி ஊருக்கு எழுதினால் விளங்காது என்று இதுவரை எழுதியதில்லை. கணினிக்குள் சின்னச் சின்ன நிரல்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பு. ஒன்று ஒரு கப்பலுக்காகப் பேசும், இன்னொன்று துறைமுகத்துக்காகப் பேசும். மனிதர் யாரும் தலையிடாமல், தங்களுக்குள் செய்தி அனுப்பி, எந்தக் கப்பலை எங்கே கட்டுவது என்று அவையே முடிவெடுக்க வேண்டும். யார் என்ன கேட்கலாம், அதற்கு என்னென்ன பதில் வரலாம் என்ற விதிகளை எழுதுவது என் பங்கு. காங்கேசன்துறையில் சீமெந்துக் கப்பல்களைப் பார்த்தவனுக்கு இதுவும் ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன்.

பரீட்சித்துப் பார்த்த அன்று எல்லாம் நின்றுபோனது. பிழை என்று எதுவும் திரையில் வரவில்லை. இங்ரிட்டும் நானும் போன செய்தி, வந்த செய்தி அத்தனையையும் தாளில் அச்சடித்து வரிவரியாகப் பார்த்தோம். கப்பல் இடம் கேட்டிருக்கிறது. துறைமுகத்தில் இடமில்லை. ஆனால் என் விதிகளின்படி துறைமுகம் இரண்டே பதில்கள்தான் சொல்லலாம்: ஒன்று "வா", மற்றது "பிறகு சொல்கிறேன்". அது பிறகு சொல்கிறேன் என்றுவிட்டது. கப்பல் காத்து நின்றது, அதற்குப் பின்னால் மற்றக் கப்பல்களும் நின்றன.

"இதில் 'இல்லை' எங்கே?" என்று இங்ரிட் கேட்டார்.

பிறகு என்றாலே இல்லை என்று விளங்கிக்கொள்ள வேண்டாமா என்றேன். அப்படியானால் உண்மையாகவே பிறகு சொல்லப்போகிறவர் என்ன சொல்வார் என்றார். ஊரில் அதை முகத்தைப் பார்த்து அறிந்துகொள்வோம். கம்பிக்குள்ளால் முகம் வராது. விதிகளில் 'இல்லை'யைச் சேர்த்தேன். குறித்த நேரத்துக்குள் முடிவு வராவிட்டால் அதையும் 'இல்லை' என்றே எடுக்கும்படி ஒரு கெடுவும் வைத்தேன். கப்பல்கள் நகர்ந்தன.

என் மனைவி கௌரி அரியாலையில் இருக்கிறாள். அவளை இங்கே கூப்பிட எல்லா அலுவலும் பார்த்து முடித்தாயிற்று. வா என்று நான் எழுதுவேன். பாப்பம் என்று அவள் எழுதுவாள். அவளுடைய தம்பி ஒருநாள் காலையில் பக்கத்தில் உள்ள திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளில் போனவன், திரும்பவில்லை. யார் பிடித்தது, எங்கே வைத்திருக்கிறது என்று அவள் கேட்காத இடமில்லை. போன இடமெல்லாம் விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். அவன் இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் அவள் இன்னும் வாசல் கேற்றைப் பூட்டுவதில்லை.

சண்டையால் யாழ்ப்பாணத்தில் இப்போது தொலைபேசி கிடையாது. போன மாதம் அவள் கிளாலிக் கடனீரேரியில் வள்ளம் ஏறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, கொழும்புக்கு வந்து எனக்குப் போன் எடுத்தாள். அவ்வளவு தூரம் வந்துவிட்டாள், இனி விமானம்தான் என்று துள்ளிவிட்டேன். அவளோ மழையைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தாள். பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"கௌரி, பாப்பம் எண்டு சொல்லாதையும். வாறீரோ, இல்லையோ?"



"இல்லை. நான் வரேல்லை. தம்பி வந்து பூட்டின வீட்டைப் பாக்கக் கூடாது. நீங்கள் இனி என்ரை வழி பாத்துக்கொண்டிருக்க வேண்டாம்."

இதை எழுத மனம் வராமல்தான் நேரே சொல்ல வந்தாளாம். அடுத்தநாளே திரும்பிப் போய்விட்டாள். நான் கேட்டிருக்கக் கூடாது. பாப்பம் என்ற சொல்லோடு இத்தனை வருடம் சீவித்துவிட்டேன். இந்தச் சொல்லோடு எப்படிச் சீவிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்ரிட்டிடம் சொன்னேன். மனைவி வராவிட்டால் நீங்கள் போகலாமே என்றார். அகதி என்று இந்த நாடு எனக்குத் தந்த பயணப் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினேன். எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், இலங்கையைத் தவிர என்று அதில் அச்சடித்திருக்கிறது. அவர் அதைத் திரும்பவும் வாசித்தார். உங்கள் சொந்த நாட்டையே பிழையாக அடித்துவிட்டார்கள், திருத்தக் கொடுங்கள் என்றார்.