இரண்டாம் குரல்காரன் போட்ட கசற்

எண்பதுகளின் நடுப்பகுதியில் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்திலிருந்து நாங்கள் ஒரு பாட்டுக் கசற் வெளியிட்டோம். அது பாரிசுக்கும் லண்டனுக்கும் கைமாறிப் போனது. இன்றைக்கும் யாராவது கலியாண வீட்டில் என்னைக் கண்டால் "பாட்டுக்கார அண்ணை" என்று கூப்பிடுவார்கள். எனக்கு உள்ளூரச் சிரிப்பு வரும். நான் பாட்டுக்காரன் அல்ல, இரண்டாம் குரல்காரன். இரண்டும் வேறு வேறு உத்தியோகம் என்று சொன்னால் ஆருக்கு விளங்கப்போகிறது?

யாழ்ப்பாணத்தில் பொப் பாட்டுக் குழுக்கள் மழைக்கால ஈசல்போலக் கிளம்பிய நாட்களில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து தொடங்கிய குழு அது. ஒருவர் முதற்குரல். ஒருவர் நெஞ்சில் மாட்டி வாசிக்கிற அக்கோடியன். ஒருவர் பொங்கோஸ் மேளம். நான் கிற்றாரும் இரண்டாம் குரலும். லவுட்ஸ்பீக்கர்காரர் வாடகைக்குத் தருவது எப்போதும் ஒரேயொரு மைக்தான். அதற்கு முன்னால் முதற்குரல் அண்ணை நிற்பார். அவருடைய இடது தோளோடு ஒட்டிக்கொண்டு நான் நிற்பேன். அவர் மெட்டை மேலே கொண்டுபோனால் நான் அதற்குக் கீழே தாங்கிக்கொண்டு போக வேண்டும். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டால் வரியை இழு இழு என்று இழுப்பார், அதுவும் ஒவ்வொரு மேடையிலும் ஒவ்வொரு மாதிரி. அவருடைய வாயைப் பார்த்துப் பார்த்தே நானும் இழுப்பேன். இத்தனை வருடத்தில் சபையை நான் நிமிர்ந்து பார்த்ததேயில்லை. சபையும் என்னைப் பார்க்கவில்லை. சனம் பார்த்தது அவரை, பெட்டைகள் பார்த்ததும் அவரை. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது, அதை மறைத்து என்ன காணப்போகிறேன்.

பிறகு நாட்டில் எல்லாம் தலைகீழாகியது. பொங்கோஸ்காரன் சந்தைக்குப் போன வழியில் சூடுபட்டுச் செத்துப்போனான். அடுத்த சில மாதங்களில் ஒரு ஊரடங்கு நாளில் முதற்குரல் அண்ணைக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தும் கொண்டுபோக வழியில்லை. அதோடு குழு முடிந்தது. நான் கிற்றாரை விற்றுவிட்டு வெளிக்கிட்டேன்.

டென்மார்க்கில் முகாம் வாழ்க்கை முடிந்து என்னை ஹோர்சன்ஸில் கொண்டுவந்து விட்டார்கள். சில மாதம் கழித்து அதே நகரத்துக்கு எங்கள் அக்கோடியன் அண்ணையும் வந்து சேர்ந்தார், அக்கோடியனையும் தூக்கிக்கொண்டு. கிழக்கு பேர்லின் வழியாகச் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த நேரத்தில் இந்த மனிசன் அதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அவருடைய மனைவி அதை மன்னிக்கவேயில்லை. "என்ர தையல் மெசினை விட்டிட்டு வந்தவர் தம்பி" என்று என்னிடம் முறைப்பாடு வைப்பார்.

நாங்கள் டெனிஸ் படித்த மொழிப் பள்ளியில் நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, நடந்த விருந்தில் அண்ணை அக்கோடியன் வாசித்தார். விருந்துக்கு வந்திருந்த நகர இசைப் பள்ளி ஆசிரியரான ஒரு டெனிஸ்காரருக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூட்டிப்போய் ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். அக்கோடியன் துள்ளிக்கொண்டு வந்தது. அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"எடேய், இவங்கள் பைலாவெல்லோ வாசிக்கிறாங்கள்!"

எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் ஆடுகிற பைலா இல்லை அது. அமெரிக்காவில் டெக்சாஸ் எல்லைப் பக்கத்து மெக்சிக்கர்களின் பாட்டு என்று ஆசிரியர் சொன்னார். பழைய குழுவாம். தொடங்கியவர்களில் சிலர் செத்துப்போக, மிச்சப் பேர் கனகாலம் சும்மா இருந்துவிட்டு, பழைய பெயரிலேயே திரும்ப வந்து போட்ட தட்டாம். என்னுடைய அரைகுறை டெனிஸில் இதை அண்ணைக்குச் சொன்னேன். அவர் தட்டை இன்னொரு தரம் போடச் சொன்னார்.

"நாங்களும் போடுவம்" என்றார் கடைசியில்.

"ஆர் பாடுறது?"

"நீதான்."

"உங்களுக்கென்ன விசரே அண்ணை?"

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அந்த மனிதர் நின்ற இடத்தில் போய் நான் நிற்பதா? ஆனால் அண்ணை பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை. பொங்கோஸுக்கு முகாமில் பழக்கமான ஒருவரைப் பிடித்தார். இசைப் பள்ளியின் நிலவறையில் ஒரு குரலுக்கு மேல் இன்னொன்றைப் பதியக்கூடிய கருவியும், எனக்கு இரவலாக ஒரு கிற்றாரும் இருந்தன. சனிக்கிழமைகளில் வரச்சொல்லி ஆசிரியரும் சம்மதித்தார். பாக்கி இருந்தது ஒன்றுதான்: பழைய பெயர். அதைப் பாவிக்க வேண்டுமென்றால் ஒருவரிடம் கேட்க வேண்டும்.

முதற்குரல் அண்ணையின் மனைவி அப்போது பக்கத்து நகரமான வைலேயில் தன் தம்பி குடும்பத்தோடு இருந்தார். ரெயில் எடுத்துப் போனோம். அக்கா தேத்தண்ணி தந்தார். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போடுங்கோ" என்றார். "ஆனா வெளியில விட முதல் எனக்குக் கொண்டுவந்து காட்டவேணும். அவற்ர குழு எண்டு எனக்குப் பட்டாத்தான் அந்தப் பேர். இல்லாட்டி வேற பேர் வையுங்கோ."

வேறு பெயர் என்றால் அண்ணை போடவே மாட்டார். அது எனக்குத் தெரியும். ஆக, குழு உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது என் தொண்டையில் வந்து நின்றது. திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணை சந்தோசமாகக் கதைத்துக்கொண்டு வந்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

முதல் சனிக்கிழமை ஒரே மூச்சில் மூன்று பாட்டுப் பதிந்தோம். காதில் ஹெட்ஃபோன், முன்னால் எனக்கே எனக்கென்று ஒரு மைக். நன்றாகத்தான் பாடினேன். அண்ணை முகமெல்லாம் பல்லாக நின்றார். ஆசிரியர் மட்டும் நாடாவைத் திருப்பிப் போட்டுக் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு மரியாதையாகக் கேட்டார்: நல்லாயிருக்கிறது, ஆனால் பாட்டின் மெட்டு எங்கே?

திரும்பக் கேட்டபோதுதான் எங்களுக்கே விளங்கியது. மூன்று பாட்டையும் நான் இரண்டாம் குரலிலேயே பாடியிருக்கிறேன். மெட்டைச் சுமக்க ஒருவருமில்லை. கிற்றார் இருக்கிறது, அக்கோடியன் இருக்கிறது, கீழ்க்குரல் இருக்கிறது, நடுவில் பெரிய வெற்றிடம். பாடும்போது என் காதுக்குள் அவர் பாடிக்கொண்டிருந்தார். அண்ணையின் காதுக்குள்ளும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாரா? முதலில் வாய்விட்டுச் சிரித்தோம். பிறகு அண்ணை அக்கோடியனின் வார்களைக் கழற்றிவிட்டு வெளியே போய் சிகரெட் பத்தவைத்தார். அன்றைக்கு மேற்கொண்டு ஒன்றும் பதியவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க முதற்குரல் பழகினேன். இறைச்சித் தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போகும்போது எதிர்க்காற்றில் கத்திக் கத்திப் பாடுவேன். நாய் கொண்டு உலாத்துகிற டெனிஸ்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். நாலாவது வரி வந்தவுடன் என் குரல் தன்பாட்டில் கீழே இறங்கிவிடும். கழுதையைக் கயிற்றில் கட்டி இழுப்பதுபோலத் திரும்ப மேலே இழுத்துவருவேன். பங்குனி பிறக்கிற நேரம் ஒருமாதிரிப் பழக்கிவிட்டேன். எல்லாப் பாட்டையும் புதிதாகப் பதிந்தோம். ஆசிரியர் கட்டைவிரலைக் காட்டினார். அண்ணை என் முதுகில் அறைந்தார். எனக்கும், பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் தலைக்கனம்தான்.

கசற்றைக் கொண்டு வைலேக்கு நான் தனியாகப் போனேன். அண்ணைக்கு வேலை. அக்கா சமையலறை மேசையில் ரேப் ரெக்கோடரை வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஒரு பக்கம் முழுவதையும் அசையாமல் கேட்டார். அவருடைய முகத்திலிருந்து ஒன்றையும் பிடிக்க முடியவில்லை.

"நல்லாத்தான் பாடியிருக்கிறீர், தம்பி" என்றார். "ஆனா இது அவற்ர குழு இல்லை."

நான் பயந்தது நடந்துவிட்டது. அண்ணைக்கு என்ன சொல்லப்போகிறேன்? கொஞ்சம் ரோசமும் வந்தது.

"அவற்ர குரலுக்கு நான் எங்க போறது அக்கா? அவரைப்போல என்னாலை பாடேலாது."

"அவர் இல்லையெண்டு எனக்குத் தெரியாதே? நான் அவரைத் தேடேல்லை." அக்கா கசற்றை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். "நீர் எங்க? அவருக்குக் கீழ போற உம்மட குரலைக் காணேல்லையே."

கசற் முழுக்கப் பாடியது நான்தானே என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வீட்டில தனிய இருக்கேக்க ஒரு பாட்டுப் பாடுங்கோ எண்டு அவரிட்ட எத்தினை தரம் கேட்டிருப்பன்" என்றார் அக்கா. "கலியாணம் கட்டின புதிசிலயும் கேட்டனான். ஒருநாளும் பாடேல்லை. அவன் வரட்டும், அவன் இல்லாமல் எனக்குப் பாட்டு நிக்காது எண்டு சொல்லுவார். நீர் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டாப் பிறகுதான் வாயைத் திறப்பார்."

இத்தனை வருடமாக அவருக்குப் பின்னால் நான் போய்க்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்திருந்தேன். அவர் செத்தபோதுகூட நான் அழவில்லை, ஓடுகிற அவசரத்தில் அதற்கு நேரமிருக்கவில்லை. அன்றைக்கு அந்தச் சமையலறையில் பிறத்தியார் வீடு என்றும் பார்க்காமல் விம்மி விம்மி அழுதேன். அக்கா தடுக்கவில்லை. நான் ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டு, கசற்றை என் கையில் வைத்தார்.

"இதுக்குக் கீழ உம்மட இரண்டாம் குரலையும் போட்டுக்கொண்டு வாரும். பேரை வைக்கலாம்."