சிம் இருந்த இடம்

"ஊர் ஓடினால் ஒக்க ஓடு" என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஓடுகிறவனுக்குச் சௌகரியமான பழமொழி. ஓடும்போது யார் காலை மிதித்தாய் என்று அது கேட்பதில்லை.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஓசூரில் செல்போன் கம்பெனி ஒன்றில் லைனில் நின்றவன் நான். பட்டன் போனுக்கு மூடி போட்டு ஸ்க்ரூ முடுக்குகிற வேலை. படிப்பு கம்மி, வாய் ஜாஸ்தி. அந்த வாயைப் பார்த்துத்தான், புது மாடல்களை ஜனங்களிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டு வரும் வேலைக்கு என்னை மாற்றினார்கள்.

டச் போன் தலையெடுத்த சமயம் அது. எங்கள் கம்பெனியும் ஒன்று போட முடிவு செய்தது. திரை, பேட்டரி, மேல்கூடு எல்லாம் விலைக்குக் கிடைக்கும். உள்ளே உயிராக இருந்து அதை ஓட்டுகிற சிஸ்டம் எது என்பதுதான் கேள்வி. வெளிநாட்டிலிருந்து இலவசமாக ஒன்று வந்திருந்தது. வேண்டிய ஆப்பெல்லாம் அதில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பேட்டரியைக் குடித்துவிடும். இன்னொன்று எங்கள் மாடியிலேயே ஒரு சின்னக் குழு எழுதியது. அதிகம் செய்யாது, செய்வதை ஒழுங்காகச் செய்யும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் மெனு. சார்ஜ் போட்டதை மறந்துவிடலாம், அப்படி நிற்கும்.

அந்தக் குழுவுக்குத் தலைமை ஒரு பெண். கிருஷ்ணகிரிக்காரி, என் தங்கை வயது. இலவச சிஸ்டம் ஜெயித்தால் குழுவுக்கு வேலையில்லை என்பது மாடியிலிருந்து கேன்டீன் வரை எல்லோருக்கும் தெரியும். மதியம் அவள் என் மேஜைக்கு வந்து உட்காருவாள். டிபன் பாக்ஸில் ராகிக் களியும் கீரைக் கடைசலும் இருக்கும். ஓர் உருண்டை எனக்கு.

"மெல்லாதீங்கண்ணா, முழுங்குங்க. எத்தன தடவ சொல்றது, களிய மென்னா அதுக்கே கோவம் வந்துரும்."

"எங்க ஊர்ல முழுங்குறது பொய்ய மட்டும்தாம்மா."

"அதான் வாயிலயே வடை சுடுறீங்க" என்பாள். பிறகு கேட்பாள்: "நம்ம போன் எப்படிண்ணா இருக்கு? ஏதாச்சும் குறைன்னா சொல்லுங்க, சரி பண்ணிரலாம்."

"குறையே இல்லம்மா. தங்கம்."

இரண்டு போன்களையும் தூக்கிக்கொண்டு முதலில் கர்நாடக எல்லையோரம் இருக்கிற பாகலூர் போனேன். பார்க்க ஒன்று போலவே இருக்கும். முதுகில் எங்களுடையதற்குப் பச்சைப் புள்ளி, வெளியாளுக்கு நீலப் புள்ளி. எதைக் கொடுத்தாலும் "சூப்பர்" என்றார்கள். தமிழில் கேட்டால் தமிழ் மெனு பிரமாதம், கன்னடத்தில் கேட்டால் கன்னட மெனு பிரமாதம். எல்லைக்காரர்களின் மரியாதை அது. எதிரில் நிற்பவன் எந்தப் பாஷையோ அதில் பேசுவார்கள், அவன் மனசுக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்வார்கள். டீக்கடையில் ஒரு பெரியவரிடம், உண்மையைச் சொல்லுங்கள் என்று மன்றாடினேன். அவர் சிரித்தார். "நீ டீ வாங்கிக் குடுத்துட்டு உண்மைய கேட்டா எப்படிப்பா?"

அவர் பேச்சிலிருந்துதான் ஒரு வழி தோன்றியது. இரண்டு போனையும் அவர்களிடமே விட்டுவிடுவது. சிம் ஒன்றுதான், அவர்களுடையது. எதில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். கொஞ்ச நாள் கழித்துப் போய் மூடியைத் திறந்து பார்ப்பது. வாய் மரியாதைக்குப் பேசும், சிம்முக்கு மரியாதை தெரியாது.

அப்படியே செய்தோம். பாகலூரில் கம்பெனி வேலைக்குப் போகும் வீடுகளில் எல்லாம் சிம் நீலத்தில் இருந்தது. பச்சைதான் நல்ல போன் என்று வாயாறச் சொல்லிக்கொண்டே நீலத்தை நீட்டினார்கள். அஞ்செட்டி மலைப்பக்கம் நேர்மாறு. நாட்றாம்பாளையத்தில் மாடு வைத்துக்கொண்டு ராகி விதைக்கிற ஓர் அம்மா நீலத்தை உறையைவிட்டே எடுக்கவில்லை. "இதுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி கரன்ட்டு குடுக்கணுமாம். எங்க மாடே ஒரு வாட்டிதான் தண்ணி கேக்குது" என்றார்.

எனக்கும் ஒரு ஜோடி கொடுத்திருந்தார்கள். முதலில் பச்சையில்தான் சிம் போட்டேன், சத்தியமாக. ஆனால் ஊரில் என் அண்ணன் தம்பிகள், மாமன் மச்சான் எல்லோரும் ஒரு சாட் ஆப்பில் கூடிவிட்டார்கள். அந்த ஆப் பச்சையில் வராது. தம்பி மகளுக்குக் காது குத்திய படத்தை எல்லோரும் பார்த்துவிட்டார்கள், நான் பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம் சிம்மைக் கழற்றி நீலத்தில் போட்டேன். அந்தப் படத்தைப் பார்த்ததும் திரும்ப மாற்ற மனசு வரவில்லை.

மறுநாளும் களி உருண்டை வந்தது. "எப்படிண்ணா இருக்கு?" என்றாள். "தங்கம்" என்றேன். உப்பிட்டவளிடம் வேறென்ன சொல்வது என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முடிவெடுக்கும் கூட்டத்தில் முதலாளி, அவள், நான், விற்பனைக்காரர்கள் ஒன்றிரண்டு பேர். கண்டதை மறைக்காமல் சொன்னேன்: பாகலூர் நீலம், மலை பச்சை.

முதலாளி பேனாவை மூடினார். "மலையில யாரு டச் போன் வாங்கப் போறாங்க?"

"சார், பாகலூர்ல வாங்கினதெல்லாம் கேம் ஆடுற பசங்க" என்றாள் அவள். "உழைச்சுச் சாப்பிடுற ஆளுக்கு நம்மளோடதே போதும். இதோ அண்ணா இருக்காரு. லைன்ல நின்னவரு, ரெண்டும் இவர்கிட்ட இருக்கு. தினம் கேக்கறேன், தங்கம்ங்கறாரு. அண்ணா, ரெண்டையும் மேஜை மேல வைங்க."

வைத்தேன். வேறு வழியில்லை. அவள் தன் போனை எடுத்து என் நம்பரை அழுத்தினாள். அப்போது அவள் பார்த்தது முதலாளியை, மேஜையை அல்ல. அத்தனை நம்பிக்கை.

நீலம் அடித்தது.

எடுக்கவும் கை வரவில்லை, அணைக்கவும் வரவில்லை. மேஜை மேல் அது நடுங்கி நடுங்கி நகர்ந்து பச்சை மேல் போய் முட்டியது. விற்பனைக்காரர் ஒருவர் சிரிப்பை அடக்கினார். "எடுங்கப்பா, யாரோ கூப்பிடுறாங்க" என்றார் முதலாளி. அவள்தான் கட் செய்தாள்.

முடிவு அந்த அறையிலேயே ஆகிவிட்டது. கணக்குப் பார்த்தால் சரியான முடிவுதான். ஆப் செய்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்ட பிறகு, எங்கள் பச்சை எத்தனை நாள் தனியாக நிற்கும்? என் போன் அடிக்காமல் இருந்தாலும் நீலமே ஜெயித்திருக்கும் என்று பலர் சொன்னார்கள். நானும் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

மறுநாள் மதியம் அவள் என் மேஜைக்கே வந்தாள். வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

"எதுக்குண்ணா மாத்துனீங்க?"

சாட் ஆப்பையும் காதுகுத்துப் படத்தையும் சொன்னேன்.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. அந்த ஆப் வராட்டியும், படம் அனுப்ப வேற ஏதாச்சும் செஞ்சு பாத்திருப்போம். முடிஞ்சிருக்குமோ முடியாதோ. தினம் கேட்டேனே."

அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு பழுது எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருந்தாள். மாடி காலியாகி, அவள் வேறு வேலைக்குப் பெங்களூர் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்த பிறகும் அந்த "தினம் கேட்டேனே" என் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தது.

கொடுத்த போன்களைத் திரும்ப வாங்கி வரும் வேலையும் எனக்குத்தான். கடைசியாக நாட்றாம்பாளையம். அந்த அம்மா மோர் கொடுத்தார். உறை பிரிக்காத நீலத்தை முதலில் தந்தார். பச்சையை முந்தானையில் துடைத்துவிட்டு மூடியைத் திறந்து சிம்மை எடுத்தார். வாங்கும்போது போன் அவர் கைச்சூட்டோடு இருந்தது.

"இது கடைக்கு எப்பப்பா வரும்? ராகி வித்துட்டு ஒண்ணு வாங்கிக்கறேன்."

இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறும்போதே நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். என் கையில் மோர்ச் சொம்பு இருந்தது.

"வரும்மா. சீக்கிரம் வந்துரும்."

"அப்ப சார்ஜர் இங்கயே இருக்கட்டும்" என்றார். "வர்றப்ப ஆகும்ல?"

சுவரில் ஆணியடித்து அதை மாட்டியிருந்தார், வயரை அழகாகச் சுற்றி. எடுத்துக்கொடுங்கள் என்று கேட்கவில்லை நான். அங்கே பஸ் எப்போதாவதுதான். அது வருகிற சத்தம் கேட்டதும் கும்பிட்டுவிட்டு ஓடினேன்.