அப்பா சொன்ன சரி

அந்த வீட்டில் வெற்றிக்கு ஒரே அளவுகோல்தான்: நாற்காலி. தாத்தா ஆயுள் முழுக்க நின்றே வேலை பார்த்த காவலாளி. மகனாவது உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு, அவரை ஓர் அலுவலகத்தில் எழுத்தராக்கினார். எழுத்தரும் ஓய்வு பெறும்வரை அசையாமல் உட்கார்ந்தார். தன் மகளுக்குக் குறைந்தபட்சம் சுழல் நாற்காலி என்று கணக்குப் போட்டார். அவளோ லிஃப்ட் மெக்கானிக் ஆகிவிட்டாள்.

முதலில் வங்கி வேலைக்குப் போனவள்தான். அங்கே ஒப்புக்குச் சப்பாணியாக நாளைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் அவள் ஏறிய லிஃப்ட் நடுவழியில் நின்றது. கதவைத் திறந்துவிட்டதும் மற்றவர்கள் விட்டால் போதும் என்று ஓடினார்கள். இவள் மட்டும் அங்கேயே நின்று, பழுது பார்ப்பவர்களின் வேலையை வாயைப் பிளந்து பார்த்தாள். அடுத்த மாதமே பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். அப்பா கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொந்தக்காரர்களிடம் மட்டும், "மெஷின் சம்பந்தமா ஏதோ ஆபீஸ்ல இருக்கா" என்று பூசி மெழுகினார்.

பழுது பார்த்த லிஃப்டில் முதலில் அவள் மட்டும் ஏறி, உச்சி மாடிவரை போய் இறங்குவாள். எங்கேயாவது துளி உறுமல் கேட்டாலும் மறுபடி பிரித்துவிடுவாள். எல்லாம் சரியானபின் "இப்ப ஏறுங்க" என்று ஒதுங்கி நிற்பாள். தான் கெட்டிக்காரி என்பது அவளுக்குத் தெரியும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஒரு விடுமுறை நாள் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவளுடைய போன் அடித்தது. அப்பா எடுத்தார். பேசியது முதலாளி. மேற்பார்வையாளர் பதவியாம், தனி அறையாம், இனி கருவிப்பையைத் தொடவே வேண்டாமாம்.

தலை துவட்டிக்கொண்டு வந்தவளிடம் அப்பா பல்லெல்லாம் தெரியச் சொன்னார்: "சரின்னு சொல்லிட்டேம்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. "என்னைக் கேக்காமயாப்பா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? எனக்கும் உங்க தாத்தாதான் சரின்னு சொன்னாரு. நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

"கெட்டுப் போகல. ஆனா அந்த வேலை உங்களுக்குப் பிடிச்சிருந்ததா?"

"அதெல்லாம் அப்ப யாரு கேட்டா? குடும்பம் நிமிர்ந்துச்சுல்ல?"

"நிமிர்ந்துச்சு. அதனாலதான் எனக்குப் பிடிச்சத நான் செய்ய முடியுது. நான் மறக்கலப்பா. ஆனா அந்த ரூம் எனக்கு வேணாம். நான் சரி பண்ணினதுல நாலு பேரு பயமில்லாம ஏறுறாங்க பாருங்க, எனக்கு அதுதான் பெருமை."

போனுக்காகக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. தானே முதலாளியை அழைத்தார்.

"சார், முன்னாடி சரின்னு சொன்னது நான். அந்த வேலைக்கு ஆசைப்பட்டதும் நான்தான். பொண்ணு பக்கத்துலதான் இருக்கா, அவளையே கேட்டுக்குங்க."

அவள் போனை வாங்கினாள்.

"வேணாம் சார். நாளைக்கு எந்தக் கட்டடம்னு மட்டும் சொல்லுங்க."