பேரீச்சம் பாத்தியில் இறங்கிய செப்புத் தண்டு

ஓமானின் நிஸ்வாவில் பள்ளி ஆசிரியையான ஸுவைனாவுக்கு, உலகெங்கும் உள்ளவர்களோடு பேச வீட்டில் வைத்திருந்த அமெச்சூர் வானொலி நிலையத்தில் மைக்கைப் பிடித்துப் பேசும்போதெல்லாம் உதட்டில் சுரீரென்றது.

"மைக்குக்கும் உன்மேல ஆசையா?" என்று சீண்டினான் கணவன் நப்ஹான்.

"சிரிக்காதீங்க. எர்த் தண்டு காஞ்ச கல்லுல நிக்குது. கரண்டு இறங்க வழியில்ல."

எர்த்தின் தடையை அளக்கும் மீட்டரும் இருநூறு ஓம் என்றது. வாய்க்கால் நீர் பாய்ந்து ஊறிய பேரீச்சம் பாத்தி கண்ணில் பட்டதும், "அந்த ஈரத்துல இறக்கலாம்" என்றாள். மெயினை அணைத்துவிட்டு, இருவருமாக அங்கே புதுச் செப்புத் தண்டை ஆளுயரத்துக்கு மேல் அடித்து இறக்கினார்கள். தடித்த கம்பியால் அதை வீட்டு எர்த்தோடும் வானொலிக் கருவியோடும் இணைத்தார்கள். மீட்டர் ஏழுக்கு இறங்கியது.

மெயினைப் போட்டுவிட்டு, மைக்கில் உதடு உரச, கேட்பவர் யாராவது உண்டா என்று அழைத்தாள். சுரீரென்று எதுவும் இல்லை. நாலாவது அழைப்பில் ஜப்பானிலிருந்து ஒருவர் பதில் சொன்னார்.

"ஓடி வாங்க, ஜப்பான் பேசுது."

"காலெல்லாம் சேறு" என்றான் நப்ஹான் பாத்தியிலிருந்து.

"சேத்தோடவே வாங்க" என்றாள்.