பட்டறைச் சட்டை

'கருதுகோள்' என்ற சொல்லை என் மகளின் பள்ளிப் புத்தகத்தில்தான் முதன்முதலில் பார்த்தேன். நாம் நினைப்பது தப்பென்றால் தப்பென்று தெரிந்துவிடும்படி அதைச் சொல்லி வைத்து, பிறகு சோதித்துப் பார்ப்பது என்று போட்டிருந்தது. படித்துவிட்டு மூடி வைத்தேன். அந்த வேலையை, அவளையே வைத்து, பல வருஷத்துக்கு முன்பே நான் செய்து முடித்திருந்தேன்.

எண்பதுகளின் பிற்பாதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மரப்பெட்டி செய்யும் பட்டறையொன்றில் அறுப்பு மெஷின் என் பொறுப்பு. பாடியில் ஒற்றை அறை வாடகை வீடு. மகளைப் பள்ளியில் சேர்க்கும் வயசுகூட ஆகவில்லை. சாயங்காலமானால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரியும். அழக்கூட மாட்டாள், அழுவதற்கும் மூச்சு வேண்டுமே. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். ஊசி போட்டால் அடங்கும், இரண்டொரு நாளில் மறுபடியும் வரும். இந்தப் பிள்ளை நமக்குத் தங்காது என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. மனைவியிடம் அதைச் சொல்லும் தைரியம் இல்லை.

தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். வாழைப்பழம், பூனை முடி, சாம்பிராணிப் புகை, கண்ணேறு. என் மனைவி எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரே வாரத்தில் பழத்தை நிறுத்தி, பூனையை விரட்டி, சாம்பிராணியை ஒழித்து, துளசிச் சாறு புகட்டி, மாதா கோயிலில் மெழுகுவர்த்தியும் நேர்ந்துகொண்டாள். பிள்ளை தேறிவிட்டாள். உடனே தெருவே பங்குக்கு வந்தது. "நான் அப்பவே சொல்லல? எல்லாம் அந்தப் பூனையாலதான்" என்றார் எதிர் வீட்டு அக்கா. அந்த வாரம் பட்டறை மோட்டார் எரிந்துபோய் நான் வேலையில்லாமல் வீட்டில் கிடந்ததை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

மோட்டார் சரியானது. இழுப்பும் திரும்பி வந்தது. பழம் இல்லை, பூனை இல்லை, கோயிலில் மெழுகுவர்த்தி மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷினில் பலகை கோணலாக அறுபட்டால் பிளேடு, பெல்ட் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற மாட்டோம். ஒன்றை மாற்றி, ஒரு பலகை அறுத்துப் பார்ப்போம். சொந்தப் பிள்ளை விஷயத்தில் அந்தப் புத்தி எங்கே போய்த் தொலைந்தது என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

முதலில் மரத்தூள் அடுப்பைச் சந்தேகப்பட்டேன். பட்டறையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த தூளில்தான் எங்கள் சமையல். மோட்டார் நின்ற வாரம் தூளும் வரவில்லை. அடுப்பை எடுத்துவிட்டால் இழுப்பு நிற்க வேண்டும் என்று சொல்லி எடுத்தேன். மண்ணெண்ணெய் வரிசையில் நின்று மனைவிக்குக் கால் வீங்கியது. இழுப்பு நிற்கவில்லை. அடுப்பின் மேல் குற்றமில்லை.

மிச்சமிருந்தது நான்.

ஷிப்ட் முடிந்ததும் காற்றுக் குழாயைப் பிடித்து ஒருவர் மேல் ஒருவர் ஊதித் தூசியைத் தட்டிக்கொள்வது எங்கள் பட்டறை வழக்கம். சட்டை பளிச்சென்று தெரியும். கண்ணுக்குத் தெரியாத தூள் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்வதை நாங்கள் யாரும் நினைத்ததில்லை. சைக்கிள் மணி கேட்டதும் மகள் ஓடிவந்து அந்தச் சட்டையில்தான் முகத்தைப் புதைப்பாள். "அப்பா வாசனை" என்பாள்.

ஆகவே இப்படிச் சொல்லிக்கொண்டேன்: பட்டறைத் துணியோடு நான் வீட்டுக்கு வராவிட்டால் பிள்ளைக்கு இழுப்பு வராது, வந்தால் என் நினைப்பு தப்பு. நடுவில் வேறு எதையும் மாற்றக் கூடாது. மனைவி புதிதாக ஒரு லேகியம் வாங்கி வைத்திருந்தாள். வேண்டாம் என்றேன்.

"இன்னாய்யா, பெத்த புள்ளய வச்சி சோதன பண்ணிகினு கீற?" என்று கத்தினாள். நான் லேகிய டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்தேன்.

பட்டறைக் குழாயிலேயே குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தேன். "இன்னா மாமே, டெய்லி மாப்ள கணக்கா கெளம்புற? ஊட்ல தண்ணி வர்றதில்லியா?" என்று கூட வேலை செய்தவன் ஓட்டினான். ஓட்டிவிட்டுப் போகட்டும். இழுப்பு நின்றது. ஒரு மாதம் போனது, அப்புறமும் வரவில்லை. மனைவி எல்லா வாரமும் கோயிலுக்குப் போய் நன்றி சொன்னாள். எனக்கு மட்டும் ஒரு முள் உறுத்தியது. நடுவில் மழையும் குளிரும் ஓய்ந்திருந்தன. குளிர் போனதால் நின்றிருந்தால்? தெரிந்துகொள்ள ஒரே வழிதான்: பழைய சட்டையோடு ஒரு நாள் வீட்டுக்குப் போக வேண்டும். எந்தத் தகப்பனால் முடியும்? மனசின் ஒரு மூலை மட்டும், குளிர்தான் காரணமாக இருக்கட்டும், நான் இல்லை என்றாகட்டும் என்று கெஞ்சியது.

பிறகு ஒரு நாள் பட்டறைக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. அன்று பார்த்து மாற்றுத் துணியும் கொண்டுபோகவில்லை. தெருமுனையிலேயே நின்று யாரையாவது விட்டு மனைவியைக் கூப்பிடலாம் என்று மணி அடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். மகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். கிட்ட வராதே என்று நான் வாயெடுப்பதற்குள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்து, "அப்பா வாசனை வந்துச்சி!" என்றாள். இத்தனை நாள் அவள் அதைத் தேடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

சட்டையை மாற்றக்கூட விடாமல், விளக்கு வைப்பதற்குள் இழுப்பு ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். நான் சொன்னது சரியாகிவிட்டது. என் ஆயுசில் சரியானதற்காக நான் அழுதது அன்றைக்குத்தான். அந்த மெஷினைத் தவிர எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

கொஞ்சம் மூச்சு வந்ததும் மகள் என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். "அப்பா, தூக்கு." நான் இன்னும் அதே சட்டையில் இருந்தேன். ஒரு அடி பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டேன். நீட்டிய கையை அவள் வெகுநேரம் மடக்கவில்லை.