சாக மறுத்த அணுக்களும் கோமளாவும்

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே பதினோரு வருஷமாக ஷேர் ஆட்டோ ஓட்டியவள் கோமளா. போன தை மாதம் கழுத்தில் நெறி கட்டியது. வலிக்கவில்லை, விட்டுவிட்டாள். அக்குளிலும் கட்டியபோதுதான் மகள் கனிமொழி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ரத்தப் புற்றுநோய்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். காலம் முடிந்த ரத்த அணு தானாகவே செத்துப்போக வேண்டும். அதைச் சாகவிடாமல் காக்கிற புரதம் கோமளாவின் அணுக்களில் அளவுமீறிப் பெருகியிருந்தது. கெட்ட அணுவைச் சாகச் சொல்கிற ஜீனும் அழிந்திருந்தது. அதனால் வழக்கமான கீமோ பலிக்காது, அந்தப் புரதத்தை முடக்கும் மாத்திரைதான் வழி.

கோமளாவின் தம்பி எத்திராஜின் காதில் ஜீன் என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. கனிமொழிக்கு அயனம்பாக்கத்தில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். பரம்பரை வியாதி என்று பேச்சு கிளம்பினால் எல்லாம் போச்சு, தாலி ஏறும்வரை வாயைத் திறக்காதே என்று அக்காவிடம் மன்றாடினான்.

கோமளா மறுபடியும் டாக்டரிடம் போய்க் கேட்டாள். அந்தக் கோளாறு பிறவியில் வந்ததல்ல, நோயுற்ற அணுக்களுக்குள் பின்னால் ஏற்பட்டது, மகளுக்குப் போகாது என்றார். அன்று சாயங்காலமே அயனம்பாக்கத்துக்கு வண்டியை விட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா வசந்தா நீட்டிய காபியைத் தொடுமுன் சொல்லிவிட்டாள்.

"எனக்கு ரத்தத்துல கேன்சர் கீதும்மா. பொண்ணுக்கு ஒட்டாது, டாக்டரைக் கேட்டுகினுதான் வந்தேன். மறைச்சுக் கட்டிக்குடுக்க மாட்டேன்."

கலந்து பேசிச் சொல்கிறோம் என்றாள் வசந்தா. எத்திராஜ் அக்காவோடு பேசுவதையே நிறுத்தினான்.

மாத்திரை தொடங்கியது. அணுக்கள் ஒரே நேரத்தில் கூட்டமாகச் செத்தால் சிறுநீரகம் தாங்காது. வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகத்தான் அளவைக் கூட்டினார்கள். கூட்டும் நாளிலெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டில், ஓயாமல் தண்ணீர், ரத்தப் பரிசோதனை.

மூன்றாம் வாரம் அந்தக் கட்டிலருகே வந்து நின்றாள் வசந்தா. மகனுக்குச் சம்மதம்தான், கனிமொழியும் ஒரு பரிசோதனை எடுத்துக் காட்டினால் மனசுக்கு நிம்மதி என்றாள்.

கனிமொழி தயங்கவில்லை. "உங்க புள்ளையும் எடுக்கட்டும் ஆன்ட்டி. சேர்ந்தே போறோம்."

கோமளா மகளை அடக்கவில்லை. பரிசோதனை யாருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோமளாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள் வசந்தா.

ஆவணியில் கல்யாணம். நெறி வற்றியிருந்தது, ரத்தத்தில் நோயணு வெகுவாகக் குறைந்திருந்தது. திரும்பி வரலாம் என்பதும் கோமளாவுக்குத் தெரியும். கிருமி தொற்றாமலிருக்க மாஸ்க்கோடு மேடையேறினாள். போட்டோவுக்காவது கழற்றச் சொன்னான், அத்தனை நாள் பேசாதிருந்த எத்திராஜ்.

"இப்பிடியே எடுக்கச் சொல்லு," என்று கேமராவை நேராகப் பார்த்தாள்.