பனிதேசத்துக் குழாய்

தாவீது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருபத்தாறு வருடமாக பிளம்பர். அப்பாவும் அம்மாவும் ஆரணிப் பக்கம் அடுத்தவர் கழனியில் கூலிக்கு நாற்று நட்டார்கள். இவர் கம்பெனிக் குழாய்களின் ஒழுக்கை அடைத்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டார். கை சுத்தம். வாய்தான் சும்மா இருக்காது. மேலதிகாரி தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்லிவிடுவார். அதனாலேயே இன்னும் ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருக்கிறார்.

இப்போது வேலை ஒரு இறால் கம்பெனியில். மனைவி சுகிர்தாவும் அங்கேதான் இறால் உரிக்கிறார். உள்ளே கழுவுவதற்குக் குழாய்கள் வரிசையாக உண்டு, ஆனால் அதெல்லாம் இறாலின் சுகாதாரத்துக்காக. வேலைக்குப் போகும்போது கழுவலாம், முடிந்தபின் அந்தப் பக்கம் போகக் கூடாது. பெண்கள் நாறும் கையோடு பஸ் ஏறினால் சனங்கள் மூக்கைப் பொத்துவார்கள். வெளியே ஒரே ஒரு குழாய் வேண்டும் என்று மூன்று வருடம் மனுப் போட்டார்கள்.

கடைசியில் தலைமை அலுவலகம் இரங்கியது. அது இருப்பதோ ஐந்து மாதம் பனி கொட்டும் நாட்டில். அங்கே வெளிக்குழாயில் தண்ணீர் உறைந்து பைப் வெடிக்குமாம். ஆகவே உறையாத குழாய் ஒன்றை அனுப்பி வைத்தார்கள். முழ நீளம். திருகுவது வெளியே; தண்ணீரை அடைக்கும் வால்வு மட்டும் தடித்த சுவரைத் தாண்டிக் கதகதப்பான வீட்டுக்குள் இருக்கும். நல்ல யோசனைதான். ஆனால் வரைபடம் காட்டிய சுவர், இறாலை உறைய வைக்கும் கிடங்கின் சுவர். உள்ளே மைனஸ் பதினெட்டு டிகிரி.

தாவீது மேனேஜர் பரசுராமனிடம் போனார். வெளிச்சுவரிலேயே தண்ணீர் பைப் ஓடுகிறது, அதில் சாதாரணக் குழாய் மாட்டுவது பத்து நிமிட வேலை என்றார்.

"சார், இது ஐஸு வெளில கீற ஊருக்குச் செஞ்சது. நம்ம ஊர்ல ஐஸு உள்ளதான் கீது."

வரைபடத்தில் மூன்று பெரிய கையெழுத்துகள் இருப்பதைப் பரசுராமன் காட்டினார். தாவீதின் கையெழுத்து அதில் இல்லை என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

இரண்டு நாள் சுவரைத் துளைத்து, கிடங்குக்குள் பைப் இழுத்துக் குழாயைப் பொருத்தினார் தாவீது. மூன்றாம் நாள் தேங்காய் உடைத்து, போட்டோ எடுத்து, பரசுராமன் திருகினார். ஒரு சொட்டு வரவில்லை. நாற்பது பெண்களும் பரசுராமனை விட்டுவிட்டுத் தாவீதைப் பார்த்தார்கள். மனைவி முன்னால் வேலை தெரியாதவனாக நின்றது அவருக்குப் பொறுக்கவில்லை.

குழாய் உறைந்துவிட்டது என்று பரசுராமன் தகவல் அனுப்பினார். உங்கள் ஊர்க் குளிர் கடுமையாக இருக்கிறது, இன்னும் நீளமான குழாய் வருகிறது என்று பதில் வந்தது. அது மே மாதம்.

மறுநாள் தாவீது யாரையும் கேட்கவில்லை. பையில் கிடந்த பழைய குழாயை வெளிப்பைப்பில் மாட்டினார். ஷிப்ட் முடிந்த பெண்கள் வரிசை கட்டினார்கள். பரசுராமன் ஓடி வந்தார். வரைபடத்தில் இல்லாத குழாயைக் கழற்றச் சொன்னார்; கழற்றாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொன்னார். தாவீதின் கை ஸ்பேனரை எடுக்கவில்லை.

சுகிர்தா கழுவிக்கொண்டே நிமிர்ந்தார்.

"டிராயிங்ல நாங்களுந்தான் சார் இல்ல. எங்களையும் சேத்துக் கழட்டிடுங்க."

பின்னால் நின்ற பெண்கள் நகரவில்லை. உள்ளே மறுநாள் உரிக்க மூன்று டன் இறால் காத்திருந்தது. பரசுராமன், தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.